கீழ்ப்பாதியில யாரு விளையாடுறாங்க? – சூப்பர் மாரியோ கார்ட்டும் அதன் கையடக்க வாரிசும்

போன மாதம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். எட்டு வயசு. ஸ்விட்சில் பழைய சூப்பர் நிண்டெண்டோ கேம்கள் வரிசையாக இருக்குமே, அதைத் திறந்து 1992-ல் வந்த சூப்பர் மாரியோ கார்ட்டைப் போட்டுக் கொடுத்தேன். முதல் ரேஸில் கடைசி இடம். அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. டிவியைக் காட்டி ஒரு கேள்வி கேட்டான்:

"சித்தி, கீழ்ப்பாதியில யாரு விளையாடுறாங்க?"

"யாரும் இல்லடா. அது மேப்."

"மேப்புக்கு எதுக்கு பாதி டிவி?"

என்னிடம் பதில் இல்லை. இந்த கேமை நான் எத்தனையோ தடவை ஆடியிருக்கிறேன். தனியாக ஆடினாலும் திரை இரண்டாகத்தான் பிரிந்திருக்கும். மேலே ரேஸ். கீழே பாதையின் வரைபடம், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்களைக் காட்டும் கண்ணாடி. கண் பழகிவிட்டதால் இது விசித்திரம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அவன் ஊருக்குப் போன பிறகு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குத் துணையாக 2001-ல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த மாரியோ கார்ட்: சூப்பர் சர்க்யூட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி ஆடினேன். அப்போது எழுதிய குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். கையடக்கக் கருவியில் வரும் கேம் என்றால் டிவி கேமின் வெட்டிச் சுருக்கிய பதிப்பு என்பதுதான் இத்தனை நாள் என் எண்ணம். இந்த ஜோடியைப் பொறுத்தவரை அது தப்பு.

சும்மா கிடந்த இரண்டாவது கண்ட்ரோலர்

கதை 1990-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் விற்பனைக்கு வந்தது. விலை 25,000 யென். பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு கண்ட்ரோலர்கள். கூடவே வெளியான கேம்கள் இரண்டே இரண்டு: சூப்பர் மாரியோ வேர்ல்ட், எஃப்-ஜீரோ.

எஃப்-ஜீரோ அன்றைக்கு ஒரு அதிசயம். மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்த ஒரு தட்டையான படத்தைச் சாய்த்து, சுழற்றி, கண் முன்னால் தரை ஓடுவதுபோலக் காட்டும் வித்தை அந்த மெஷினுக்குள்ளேயே இருந்தது. பெயர் மோட் 7. அதைக் காட்டுவதற்கென்றே செய்த ரேஸ் கேம் எஃப்-ஜீரோ. 15 பாதைகள், 4 வண்டிகள், மிரள வைக்கும் வேகம். ஆனால் ஒருவர்தான் ஆட முடியும். கூட வந்த கேமான சூப்பர் மாரியோ வேர்ல்டில் இரண்டு பேர் ஆடலாம், அதுவும் முறை வைத்துத்தான். ஆக ஒரே நேரத்தில் இரண்டு பேரும் கையில் பிடித்து ஆட, முதல் நாளில் ஒரு கேமும் இல்லை. ஒரு கண்ட்ரோலர் எப்போதும் சும்மா கிடந்தது.

எஃப்-ஜீரோவை இரண்டு பேர் ஆடும்படி செய்ய முடியுமா என்று பார்த்த முயற்சியிலிருந்துதான் சூப்பர் மாரியோ கார்ட் பிறந்தது. தயாரிப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ. இயக்குநர்கள் ததாஷி சுகியாமாவும் ஹிதேகி கொன்னோவும். பின்னாளில் நிண்டெண்டோ வெளியிட்ட பேட்டிகளில் இவர்கள் சொன்ன விஷயம் இது: எஃப்-ஜீரோவின் வேகத்தையும் நீண்ட நேர்பாதைகளையும் இரண்டாகப் பிரித்த திரையில் கொண்டுவர முடியவில்லை. வேகத்தைக் குறைத்தார்கள். பாதையைச் சுருக்கி, ஒரு சதுரத்துக்குள் வளைத்து வளைத்து மடித்தார்கள். அந்த அளவுக்கும் வேகத்துக்கும் எதிர்கால ராக்கெட் வண்டி பொருந்தாது. சின்ன கோ-கார்ட் பொருந்தியது.

இதில் மாரியோ எப்போது வந்தார் தெரியுமா? ரொம்பத் தாமதமாக. ஆரம்பத்தில் வண்டியில் இருந்தது பெயரில்லாத ஒரு ஆள். வேலை தொடங்கிச் சில மாதம் கழித்து, ஓட்டுகிறவரைப் பின்னாலிருந்து பார்த்தாலும் யாரென்று தெரிய வேண்டுமே என்று மாரியோவை உட்கார வைத்துப் பார்த்தார்கள். பொருந்திவிட்டது.

கார்ட் ரேஸ் என்று இன்றைக்கு நாம் சொல்லும் வகையின் அடையாளங்கள் எல்லாம் (சின்ன வண்டி, நெருக்கமான வளைவு, மிதமான வேகம்) இன்னொருவருக்கும் இடம் வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தவை. என் அக்கா பையனுக்குப் பதில் இதுதான். கீழ்ப்பாதி பக்கத்தில் உட்காருகிறவருக்குப் போட்ட இடம். ஆள் வரவில்லை என்றாலும் அந்த இடத்தை எடுத்துவிடவில்லை. அங்கே மேப்பை உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரே படத்தில் இரண்டு தடவை

இந்த இரண்டாம் இடத்துக்காக மெஷின் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மோட் 7-ல் ஒரே ஒரு பின்னணித் தளம்தான் உண்டு. அந்தத் தளம் 1024-க்கு 1024 பிக்சல் சதுரம். அதுதான் மொத்த ரேஸ் பாதையும். தூரத்தில் தெரியும் வானமும் மலையும் அதில் சேராது. திரையின் வரிகளை மேலிருந்து கீழாக வரைந்துகொண்டு வரும்போதே, வானம் முடியும் இடத்தில் மெஷின் வேறு முறைக்கு மாறி, அடுத்து ஒவ்வொரு வரிக்கும் சாய்வுக் கணக்கை மாற்றிக்கொண்டே போக வேண்டும். தனித் திரையில் இதை ஒரு தடவை செய்தால் போதும். பிரிந்த திரையில் மேலே ஒரு வானம் ஒரு தரை, கீழே மறுபடி ஒரு வானம் ஒரு தரை.

சூப்பர் நிண்டெண்டோவின் பிராசசர் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். அதுக்கு இது ஆகிற காரியமில்லை. அதனால் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே டிஎஸ்பி-1 என்ற கணக்குச் சிப் ஒன்றை வைத்தார்கள். தூரத்தில் உள்ள வண்டி திரையில் எங்கே தெரிய வேண்டும் என்பது மாதிரியான கணக்கையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். வண்டிப் படங்களைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ அந்த மெஷினால் முடியாது. பக்கத்தில் ஒரு அளவு, தள்ளி ஒரு அளவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்து வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் 512 கிலோபைட்டுக்குள். இன்றைக்கு வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் சில சமயம் இதைவிடப் பெரிசா இருக்கும்.

2001: ஆளுக்கொரு திரை

ஒன்பது வருடம் கழித்து, 2001 ஜூலை 21 அன்று ஜப்பானில் மாரியோ கார்ட் அட்வான்ஸ் என்ற பெயரில் கையடக்கப் பதிப்பு வந்தது. மற்ற நாடுகளில் அதன் பெயர் சூப்பர் சர்க்யூட். இதைச் செய்தது ஃபயர் எம்ப்ளம் போன்ற வியூக விளையாட்டுகளுக்குப் பேர்போன இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ்.

என் தப்பெண்ணத்தை உடைத்தது ஒரு சின்னக் கணக்கு. சூப்பர் நிண்டெண்டோவின் திரை 256-க்கு 224 பிக்சல். கேம்பாய் அட்வான்ஸின் திரை 240-க்கு 160. பார்த்தவுடன் இரண்டாவது சிறியது என்றுதான் தோன்றும். ஆனால் மாரியோ கார்ட்டில் ரேஸ் நடப்பது திரையின் பாதியில்தானே? அப்படியென்றால் ரேஸுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 256-க்கு 112, மொத்தம் 28,672 பிக்சல். கையடக்கக் கருவியில் முழுத் திரையும் ரேஸுக்கே: 38,400 பிக்சல்.

ஆக, 2.9 அங்குலத் திரையில் ஓடும் ரேஸ், டிவியில் ஓடும் ரேஸைவிட அதிகப் பிக்சல்களில் வரையப்படுகிறது! ஆடும்போதே இது தெரிகிறது. டிவி பதிப்பில் வளைவு திடீரென்று முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். பாதையை மனப்பாடம் செய்யாமல் ஓட்டவே முடியாது. கையடக்கத்தில் திரை உயரமாக இருப்பதால் பார்வைக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது.

வன்பொருளும் வேறு தலைமுறை. 16.78 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் பிராசசர். சாய்த்துச் சுழற்றும் தளத்துடன் வானத்துக்கென்று வேறு தளங்களையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். படங்களைச் சிறிதாக்குவது, பெரிதாக்குவது, சுழற்றுவது எல்லாம் மெஷினே செய்யும். கார்ட்ரிட்ஜ் 4 மெகாபைட், பழையதைப்போல எட்டு மடங்கு.

எல்லாவற்றிலும் கையடக்கமே ஜெயித்தது என்று நினைத்துவிடாதீங்க. மூன்று இடங்களில் அது தோற்றது.

முதலாவது ஒலி. சூப்பர் நிண்டெண்டோவில் இசைக்கென்றே தனிச் சிப் உண்டு. சோனியின் கென் குதராகி வடிவமைத்தது. ஆமாம், பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கிய அதே ஆள்தான். அது எட்டுக் குரல்களைத் தானே கலந்து கொடுத்துவிடும். சோயோ ஒகாவின் மெட்டுகள் அவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கு அது ஒரு காரணம். கேம்பாய் அட்வான்ஸில் அப்படி ஒன்று இல்லை. பழைய கேம்பாயின் 4 ஒலித்தடங்களும், 8 பிட் ஒலியை அப்படியே வெளியே தள்ளும் 2 தடங்களும்தான். பல குரல்களைக் கலப்பதானால் ரேஸை ஓட்டிக்கொண்டிருக்கும் அதே பிராசசர்தான் அந்த வேலையையும் பார்க்க வேண்டும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, அடியில் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வெளிச்சம். முதல் கேம்பாய் அட்வான்ஸின் திரைக்குச் சொந்த விளக்கு கிடையாது. ஜன்னல் பக்கமோ டியூப்லைட்டுக்கு அடியிலோ சாய்த்துப் பிடித்துத்தான் ஆட வேண்டும். கருவியோடு கூடவே வந்த ஒரு காஸில்வேனியா கேம் இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை என்று ரொம்பத் திட்டு வாங்கியது. 2003-ல் எஸ்பி மாடல் வந்த பிறகுதான் திரைக்கு விளக்கு கிடைத்தது. சூப்பர் சர்க்யூட்டை இன்றைக்குப் பெரிய டிவியில் போட்டால் நிறங்கள் கண்ணைப் பறிக்கிற மாதிரி வெளிறித் தெரியும். அன்றைய மங்கல் திரையில் வைத்துப் பார்த்தால்தான் அந்த நிறங்களுக்கு நியாயம் கிடைக்கும்.

மூன்றாவது பொத்தான்கள். சூப்பர் நிண்டெண்டோ கண்ட்ரோலரில் முகப்பில் நான்கு, தோளில் இரண்டு. கேம்பாய் அட்வான்ஸில் முகப்பில் இரண்டே இரண்டு. வேகத்துக்கு ஏ, பிரேக்குக்கு பி என்று வைத்த பிறகு மீதி இருப்பது தோள் பொத்தான்கள்தான். பழைய கேமில் குதித்துச் சறுக்க இடது வலது இரண்டு தோள் பொத்தான்களும் பயன்பட்டன. இங்கே வலது தோளுக்குக் குதிப்பு, இடது தோளுக்குப் பொருள் வீச்சு என்று பாகம் பிரித்துவிட்டார்கள். பழைய கேமில் பழகிய விரல் முதல் பத்து நிமிஷம் தடுமாறும். எனக்கு அரை மணி நேரம் ஆனது.

பழைய பாதைகள், புது உடம்பு

சூப்பர் சர்க்யூட்டில் 20 புதுப் பாதைகள். அதோடு 1992-ன் 20 பாதைகளும் உள்ளே ஒளிந்திருக்கின்றன. ஒரு கப்பை ஜெயித்துவிட்டு, அதன் நான்கு ரேஸ்களிலும் சேர்த்து 100 காசு பொறுக்கினால் பழைய கப் ஒன்று திறக்கும்.

காசு விஷயம் முக்கியம். முதல் கேமில் பாதையில் கிடக்கும் காசுகளை எடுத்தால் வண்டியின் வேகம் கூடும், 10 வரை. கையில் ஒன்றும் இல்லாமல் இன்னொரு வண்டியில் இடித்தால் சுற்றிப் போய் நிற்க வேண்டியதுதான். இடையில் 1996-ல் வந்த மாரியோ கார்ட் 64 இந்தக் காசுகளை எடுத்துவிட்டது. கையடக்கப் பதிப்பு திரும்பக் கொண்டுவந்தது. வேகத்துக்கும் காசு, பழைய கேமைத் திறக்கும் சாவியும் காசு.

எட்டுப் பேர் பட்டியலோ 64-ன் பட்டியல். முதல் கேமின் கூப்பாவும் குட்டி டான்கி காங்கும் இல்லை. வாரியோவும் பெரிய டான்கி காங்கும் வந்துவிட்டார்கள். முதலிடத்தில் போகிறவரைத் துரத்தி அடிக்கும் நீல ஓடும் 64-லிருந்து வந்ததுதான். சுவரைத் தாண்டிக் குதிக்க உதவிய இறகு மட்டும் திரும்பி வரவில்லை.

பழைய பாதைகளை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்களா? இல்லை. வளைவுகள் அதே. ஆனால் பௌசர் கோட்டையில் மேலிருந்து தொம்மென்று விழும் கல் முகங்கள் காணவில்லை. ரெயின்போ ரோட்டிலும் அதே கதை. கை மட்டும் பழைய ஞாபகத்தில் பிரேக்கைத் தேடுகிறது. பல வருஷம் கழித்துப் படித்த ஸ்கூலுக்குப் போனால் கட்டிடம் இருக்கும், முன்னால் நின்ற புளியமரம் இருக்காது இல்லையா, அந்த மாதிரி.

ஊதா பிளக்கும் நாலு யோஷியும்

இனி அந்த இரண்டாவது இருக்கை. கையடக்கத்தில் அது என்ன ஆச்சு?

திரை ஒருவருக்கே முழுசாகப் போய்விட்டது. பக்கத்தில் இருப்பவர் ஆட வேண்டுமென்றால் அவரிடமும் ஒரு கேம்பாய் அட்வான்ஸ் இருக்க வேண்டும். இரண்டையும் வயரால் இணைக்க வேண்டும். வயரின் ஒரு முனை ஊதா, மறுமுனை சாம்பல். ஊதா முனை யாரிடமோ அவர்தான் முதல் ஆட்டக்காரர். வயரின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி, அதில் அடுத்த வயரைச் செருகலாம். நாலு பேருக்கு மூன்று வயர்.

கருவியின் விலை 9,800 யென். நாலு பேருக்கு 39,200. நாலு பேரும் கேமையும் வாங்கியிருந்தால் முழு கேமும் கிடைக்கும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரிடமும் ஒரே கேம் எப்படி இருக்கும்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒரே ஒருவரிடம் கார்ட்ரிட்ஜ் இருந்தால் போதும். மற்ற மூன்று பேரும் வெறும் கருவியை ஆன் செய்து காத்திருந்தால், கேமின் ஒரு துண்டு வயர் வழியாகப் போய் அவர்கள் கருவியின் நினைவகத்தில் உட்காரும். அந்த நினைவகம் 256 கிலோபைட். அதற்குள் அடங்குவது எதுவோ அதுதான் விருந்து. அடங்கியது நான்கு பாதைகள், நான்கும் 1992-ன் பழைய பாதைகள். ஓட்டுபவர்கள் எல்லாரும் யோஷி, ஆளுக்கொரு நிறம்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் கேமை நிறுத்தி வைத்துவிட்டு யோசித்தேன். பாதைகள் ஏன் பழையவை என்பதற்கு என் ஊகம்: அவை முதலிலிருந்தே சின்ன இடத்தில் அடங்குவதற்காக மடித்தவை. இரண்டாவது ஆளுக்கு இடம் கொடுப்பதற்காக 1992-ல் சுருக்கிய பாதைகள், ஒன்பது வருடம் கழித்து கேம் வாங்காத மூன்று பேருக்கு இடம் கொடுக்க மறுபடி பயன்பட்டன. சாப்பாட்டு நேரத்தில் வந்தவருக்குத் தட்டை எடுத்து வைத்து இருப்பதைப் பகிர்ந்துகொள்வது மாதிரி. குழம்பு கொஞ்சம் கம்மியா இருக்கலாம், அதனால என்ன.

ஆனால் ஒன்று போய்விட்டது. டிவியில் ஆடும்போது பக்கத்தில் இருப்பவரின் பாதியை எட்டிப் பார்க்கலாம். அவர் கையில் சிவப்பு ஓடு இருக்கிறதா, எங்கே தடுக்கி விழுந்தார், எல்லாம் தெரியும். இரண்டு பேரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு ஒரே விஷயத்துக்குச் சிரிப்பார்கள். வயரில் ஆடும்போது நாலு பேரும் குனிந்து அவரவர் கையைப் பார்க்கிறார்கள். எதிராளியின் ரகசியம் அவரிடமே இருக்கும். விளையாட்டாக இது இன்னும் நியாயமானது. கூத்தாக, கொஞ்சம் குறைவு.

கேமைக் காப்பாற்றினால் போதுமா

சூப்பர் மாரியோ கார்ட் 2019-லும் சூப்பர் சர்க்யூட் 2023-லும் ஸ்விட்சின் சந்தாத் தொகுப்பில் சேர்ந்தன. இப்போது இரண்டும் ஒரே டிவியில், ஒரே கண்ட்ரோலரில், பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களாக நிற்கின்றன. இப்படிப் பார்த்தால் ஒன்று பாதித் திரை கேம், மற்றது முழுத் திரை கேம், அவ்வளவுதான். டப்பாவுக்குள் வந்த இரண்டாவது கண்ட்ரோலரும், ஊதா பிளக்கும், விளக்கில்லாத திரையைச் சாய்த்துப் பிடித்த கையும் அந்தச் சதுரங்களில் இல்லை. கேமின் கோப்பு ஒரு பைட் விடாமல் பத்திரமாக இருக்கிறது. அது எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததோ அந்தக் கேள்விதான் காணாமல் போகிறது.

அதனால்தான் எட்டு வயசுப் பையனுக்குக் கீழ்ப்பாதி விசித்திரமாகத் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் போனது பழக்கதோஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். இந்தத் தடவை இரண்டு கண்ட்ரோலர்களையும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். "கீழ்ப்பாதி எனக்கு" என்று உட்கார்ந்தேன். மூன்றாவது ரேஸிலேயே என் பாதியை எட்டிப் பார்த்து, என் கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு, பின்னாலிருந்து சிவப்பு ஓட்டால் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த குறிப்பில் எஃப்-ஜீரோவையும் அதன் கேம்பாய் அட்வான்ஸ் வாரிசான மேக்சிமம் வெலாசிட்டியையும் இதேபோலப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். 1990-ல் இரண்டாவது ஆளுக்கு இடமில்லாமல் போன அந்த கேம், 2001-ல் கையடக்கத்துக்கு வந்தபோது நாலு பேரை ஏற்றிக்கொண்டது. அதுவும் ஒரே கார்ட்ரிட்ஜில்.